சிங்கப்பூர்ப் பள்ளித் தேர்வுக்கு எங்கள் ஊர் டியூஷன்

வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை, குடும்பமாகப் போகிறோம். மகனை அங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்க்க ஏ.இ.ஐ.எஸ். என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும்: ஆங்கிலம், கணிதம். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்ப்பார்கள். இங்கே மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடியில் வகுப்பு நடத்தும் டீச்சர் இதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே நம்பினேன்.

தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வரும் பிரச்சனைக் கணக்கு, அதாவது வாக்கியமாகக் கொடுக்கும் கணக்குதான் சிரமம். டீச்சர் கட்டம் போட்டுக் காட்டுவார். நீளக் கட்டம் மொத்தம், சின்னக் கட்டங்கள் பங்கு. இப்போது அவனே வரைந்து விடை கண்டுபிடிக்கிறான். பார்க்க மனசு குளிர்கிறது!

வகுப்பில் ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்கும் நேரம் போதாது. வீட்டில் நான்தான் உட்கார்ந்து படிக்க வைக்கிறேன்.

முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது. அவர்களுக்காக இங்கே கட்டணம் கட்டாதீர்கள்.