ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: வானில் 18 மணி, படலையைத் தொட 45 மணி

ரொறன்ரோவிற்கும் கொழும்பிற்கும் இடையேயான நேர்த்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லாததால், கடந்த தை மாதம் லண்டன் வழியாக ஊருக்குச் சென்றேன். ரொறன்ரோ–லண்டன் 5,700, லண்டன்–கட்டுநாயக்க (கொழும்பின் விமான நிலையம்) 8,700 எனக் கூட்டினால் 14,400 வருகிறது. ஆகவே லண்டனில் இறங்கி ஏறுவதால் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை. கூடுவது நேரந்தான்.

திங்கள் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, புதன் பிற்பகல் ஒரு மணிக்குத் தரையிறங்கினேன். இலங்கை நேரம் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முந்தியிருப்பதால், அதைக் கழித்தால் இருபத்தெட்டரை மணி நேரம். அதில் பறந்தது ஏறத்தாழ பதினெட்டு, எஞ்சியதெல்லாம் லண்டனில் நாற்காலியில் கழிந்தது. பயணச்சீட்டு எடுத்துத் தந்த முகவர் தம் கணக்கை இத்துடன் முடித்துக்கொண்டார். அவருடைய கணினியில் இலங்கை கட்டுநாயக்கவோடு முடிந்துவிடுகிறது போலும்.

நீர்கொழும்பில் உறவினர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்குச் சொகுசுப் பேருந்தில் ஏறினேன். இருக்கை சாய்ந்தது, ஆனால் குளிரூட்டியின் மூடி உடைந்திருந்ததால், காற்று நேரே நெற்றியில் விழுந்தது. நடத்துநரிடம் சொன்னபோது, "கனடாக் குளிரைத் தாங்கின ஆள், இதைத் தாங்கமாட்டியளோ ஐயா?" என்று சிரித்துவிட்டு, ஒரு துவாயை மடித்து அந்த ஓட்டையில் செருகினார். புத்தளம், அனுராதபுரம், வவுனியா எனச் சென்று, ஆனையிறவைத் தாண்டி, வீட்டுப் படலையைத் தொட்டபோது விடிகாலை ஐந்தரை மணி. ஏறக்குறைய 370 கிலோமீற்றருக்கு எட்டரை மணி நேரம். ரொறன்ரோவிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் நாற்பத்தைந்து.

திரும்பும்போது யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்றுபோன அதன் சென்னைச் சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. பேருந்து இரவு முழுவதும் ஓடியதற்கு ஏறக்குறைய சமமான தூரத்தை, அதாவது 355 கிலோமீற்றரை, அந்தச் சிறிய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தது. சென்னையில் நீண்ட காத்திருப்பு இருந்தும், மேற்கு நோக்கிப் பறக்கையில் எதிர்க்காற்றால் நேரம் கூடியும், முப்பத்தாறு மணி நேரத்தில் ரொறன்ரோவில் இருந்தேன்.

இவ்வழியில் செல்வோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். தனித்தனிச் சீட்டுகளாக எடுத்திருந்ததால், சென்னையில் குடிவரவைக் கடந்து பொதிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்காக இந்திய விசாவை முன்கூட்டியே பெற்றிருந்தேன். மற்றது எடை. பலாலித் தராசு மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது. பெரியம்மா கட்டித் தந்த ஒடியல் மாவையும் பனாட்டையும் அங்கேயே பிரித்தெடுத்து, வழியனுப்ப வந்த தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன்.