கருப்பிக்கு மாம்பழம் கொடுத்த அனுபவம்

பெங்களூரா மாம்பழத்தின் விலை இறங்கியதும் தெரிந்தவர்கள் தோட்டத்திலிருந்து கூடை கூடையாக வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டது. ஓசூரில் இருக்கும் தங்கை போன் செய்து, "அண்ணா, எங்க குட்டி நாய்க்கும் ரெண்டு துண்டு குடுக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கருப்பி நாட்டு நாய். கேரட், வெள்ளரிக்காய் என்றால் பச்சையாகவே கடிப்பாள். பீன்ஸ், சர்க்கரைவள்ளி இரண்டும் உப்பில்லாமல் வேகவைத்து. தர்பூசணி விதையும் தோலும் நீக்கி. ராயக்கோட்டைத் தக்காளி நன்றாகப் பழுத்திருந்தால் சின்னத் துண்டு. காயும் இலையும் கூடாது. வயிறு சரியில்லாத நாளில் வேகவைத்த மஞ்சள் பூசணியைக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து வைத்தால் போதும். திராட்சையும் உலர்திராட்சையும் ஒன்றுகூட கூடாது, சிறுநீரகம் போய்விடும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மிச்சமான சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும்.

சரி, மாம்பழம். நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும். செந்தூரா நறுக்கும் வாசனை வந்தால் போதும், கருப்பி எங்கிருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவாள். எதிலும் மறைத்துக் கொடுக்க முடியாத மாத்திரை ஒரு துண்டு அல்போன்சாவுக்குள் வைத்தால் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. தோல் சீவி, சதையை மட்டும் நறுக்கிக் கொடுப்போம். பழமும் பண்டமும் சேர்த்து அன்றாடச் சாப்பாட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இந்த அளவில் அவளுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

என் கோபமெல்லாம் கொட்டை மேல்தான். சீசன் வந்தால் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் கொட்டை இல்லை? டீக்கடை ஓரம், பஸ் ஸ்டாண்ட் பின்னால், சாக்கடை மேடு, எங்கும் சப்பிப் போட்ட கொட்டை. போன சீசனில் அப்படி ஒன்றைத் தெருவில் விழுங்கிவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஸ்கேனில் குடலில் அடைப்பு என்று தெரிந்து, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அந்த ஓடு வயிற்றில் கரையாது. உள்ளே இருக்கும் பருப்பிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இத்தனை பழம் விளைகிற மாவட்டத்தில் கொட்டையைத் தொட்டியில் போடுவதற்கு என்ன கஷ்டம்? தின்றவர் நடந்து போய்விடுகிறார், வாயில்லா ஜீவன் தையல் போட்டுக்கொண்டு படுத்துக் கிடக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் தங்கைக்கு என் பதில் இதுதான்: நாய்க்கு இத்தனை சந்தோஷம் தரும் பழம் வேறில்லை, ஆனாலும் பழக்காதே. ருசி தெரிந்துவிட்டால் தெருவில் அந்த வாசனையைத் தேடித்தான் போகும். உன் ஊரில் நல்ல கேரட் கிடைக்கிறது, அதோடு நிறுத்திக்கொள். கருப்பிக்கு ருசி தெரிந்துவிட்டது, அவளுக்கு நான் தொடர்ந்து கொடுப்பேன். ஆனால் ஆடி முடியும்வரை கயிறு கட்டாமல் அவளை வெளியே அழைத்துப் போவதில்லை.