விழ, இடற, தோற்க ஆங்கிலச் சொல் வேண்டுமா? இலவச ரோஜே தெசாரஸ் எவ்வளவு உதவும்?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் 'ஃபால்', 'ஃபெயில்' இரண்டும் சீக்கிரம் சலித்துப்போகும். மாற்றுச் சொல்லுக்குக் காசில்லாமல் கிடைப்பதில் இன்றும் கைகொடுப்பது ரோஜே தெசாரஸ் என்ற ஆங்கில ஒருபொருட்சொல் தொகுப்பு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் லண்டனில் வெளியிட்டது. இலவச மின்னூல்கள் தரும் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் 22ஆம் எண் மின்னூலாக இருப்பது 1911ஆம் ஆண்டுப் பதிப்பை ஒட்டியது. வெறும் எழுத்துக்கோப்புதான், சாதாரண போனிலேயே திறக்கும்.

அகரவரிசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆறு வகுப்பு, ஆயிரம் தலைப்பு என்று பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறது. திவாகரம், பிங்கலம் போன்ற பழைய தமிழ் நிகண்டுகளைப் புரட்டியவர்களுக்குப் பழகிய முறைதான். ஏறுவது 305, இறங்குவதும் விழுவதும் 306. வெற்றி 731, தோல்வி 732. இந்த எண்களைப் போட்டுத் தேடினால் இடத்தைப் பிடித்துவிடலாம். எதிர்ப்பதம் அடுத்த தலைப்பிலேயே இருப்பது பெரிய வசதி.

ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் பெயர்ச்சொற்கள் வரும், அவற்றைத் தாண்டினால் வினைச்சொற்கள். வாக்கியம் எழுத வேண்டியவை வினைகள்தான். லத்தீன், பிரெஞ்சு என்று பக்கத்தில் குறிப்புள்ளவற்றை ஆரம்பத்திலேயே அடித்துவிடலாம். ஒரு தொடருக்குப் பின்னால் வேறு எண் இருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள். 732இல் 'ஃபால் ஷார்ட் ஆஃப்' பக்கத்தில் 304 என்றிருக்கும். குறி எட்டாமல் நின்றுபோவதற்கான சொற்கள் அங்கே தனியாகக் கிடக்கின்றன.

இந்த நூலின் உண்மையான செல்வம் 732தான். 'ரன் அக்ரவுண்ட்', 'ஸ்ப்ளிட் அபான் எ ராக்', 'மிஸ் ஸ்டேஸ்', 'ஃபவுண்டர்' எல்லாம் கப்பல்காரர் பேச்சு: தரைதட்டியது, பாறையில் மோதிப் பிளந்தது, பாய்க்கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பப் பார்த்து முடியாமல் போனது, தண்ணீர் புகுந்து மூழ்கியது. 'கோ அப் லைக் எ ராக்கெட் அண்ட் கம் டவுன் லைக் த ஸ்டிக்' என்பதும் இங்கே உண்டு. 1792இல் அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின், நாடாளுமன்றவாதி எட்மண்ட் பர்க்கை ராக்கெட் போல ஏறிக் குச்சி போல விழுந்தவர் என்று குத்தினார். வாணவேடிக்கை பார்த்த யாருக்கும் விளக்கம் வேண்டாம். 'ஃபால் பிட்வீன் டூ ஸ்டூல்ஸ்' நம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

சிக்கல் எங்கே என்றால், ரோஜே எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்வதில்லை. 306இல் ட்ரிப், ஸ்லிப், ஸ்டம்பிள் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் நிற்கின்றன. ஒயர் தடுக்கினால் ட்ரிப், ஈரத்தரையில் வழுக்கினால் ஸ்லிப், நடையில் தடுமாறினால் ஸ்டம்பிள். ஸ்டம்பிள் ஆனவர் விழாமலும் சமாளித்திருக்கலாம். தமிழில் தடுக்கி, வழுக்கி, தடுமாறி என்று நாமே பிரித்துப் பேசுகிறோம். ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லாவற்றுக்கும் 'ஸ்லிப்' போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 'ஸ்லிப்ட் ஆன் எ ஸ்டோன்' என்றால் படிப்பவர் கண்ணில் தெரிவது பாசி பிடித்த கல். கல் தடுக்கியது என்று சொல்ல 'ட்ரிப்ட் ஓவர்' வேண்டும்.

732இல் ஃப்ளவுண்டரும் ஃபவுண்டரும் சில சொற்கள் இடைவெளியில் வருவது இன்னும் ஆபத்து. முதலாவது கைகாலை அடித்துத் தத்தளிப்பது, இரண்டாவது மூழ்கியே போவது. பேச்சுவார்த்தை இழுபறியில் இருக்கிறது என்று எழுத நினைத்து 'ஃபவுண்டர்ட்' போட்டால், அது முறிந்துவிட்டது என்று செய்தி போய்விடும்.

உருபிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) பற்றியும் நூல் வாய் திறப்பதில்லை. ஏணியிலிருந்து விழ 'ஆஃப்', மரத்திலிருந்து விழ 'அவுட் ஆஃப்', நின்றபடி சாய்ந்து விழ 'ஓவர்'. 'ஸ்டம்பிள் அபான்' என்றால் இடறுவதே இல்லை, எதேச்சையாகக் கண்டெடுப்பது. பரீட்சையில் தோற்க நம் ஊரில் 'ஃபெயில்ட் இன் த எக்ஸாம்' என்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'இன்' இல்லாமல் எழுதுவார்கள். அந்த இரண்டு நாடுகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. நாடகம் 'பாம்ப்ட்' என்றால் அமெரிக்காவில் படுதோல்வி, விருந்து 'வென்ட் லைக் எ பாம்' என்றால் பிரிட்டனில் அமர்க்களம்.

ஆகவே ரோஜேயில் கிடைத்த சொல்லை அப்படியே வாக்கியத்தில் வைக்காதீர்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி ஒன்றைப் பக்கத்தில் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: எழுவாய் ஆளா திட்டமா கப்பலா என்பது, பின்னால் என்ன உருபு, எந்த நாட்டு வழக்கு. எடுத்துக்காட்டு வாக்கியமே கிடைக்காத சொல்லை விட்டுவிடலாம். 306இலும் 732இலும் வரும் 'டிட்யுபேட்' அப்படி ஒன்று. தள்ளாடுவதற்கான லத்தீன் வழிச் சொல், எழுதினால் யாருக்கும் புரியாது.

ஆங்கிலம் ஓரளவு கைவந்து, தெரிந்த சொல் நேரத்துக்கு நினைவுக்கு வராமல் திண்டாடுகிறவர்களுக்கு இந்த நூலைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதானால் 732ஐ முதலில் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள்: வீண்முயற்சிக்கு உவமையாகக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழந்தொடர் ஒன்று அதில் அப்படியே இருக்கிறது.