உறைபனித் துணி வாங்குகிறீர்களா? மே மாதத்தை நினைத்து வாங்குங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏப்ரல் கடைசியில் ஹைட்ரேஞ்சா துளிர்த்து நிற்பதைப் பார்த்தால், கன்று பனிக்காலத்தைத் தாண்டிவிட்டது என்றே தோன்றும். ஜூலையில் அதே கன்று உள்ளங்கை அகல இலைகளோடு, ஒரு பூக்கூட இல்லாமல் நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பிடி போடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மே மாதத்தில் ஏதோ ஓர் இரவில் பூமொட்டு கருகிப் போயிருக்கும்.

அந்த இரவுக்கென்று விற்கிற சரக்குதான் உறைபனித் துணி. பொட்டலத்தின் மேல் ஃப்ராஸ்ட் ப்ளாங்கெட், ப்ளான்ட் கவர், ரோ கவர் என்று எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த, நெய்யாத வெள்ளைத் துணி. காற்றும் மழையும் அதனூடே போகும், வெளிச்சமும் ஓரளவு புகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள துணியை, இரண்டரை மீட்டருக்குக் குறையாத அகலத்தில், சுருளாக வாங்குங்கள். அடியில் கயிறு வைத்துத் தைத்த பை வடிவ உறைகள் நிலத்தில் நிற்கும் கன்றுக்கு வேண்டாம்.

எடையைப் பார்க்காமல் இந்தத் துணியை வாங்கவே கூடாது. 17 முதல் 20 கிராம் வரையுள்ள மெல்லியது சுமார் 85 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். குளிரிலிருந்து கிடைக்கும் காப்பு 2 டிகிரி செல்சியஸ் அளவுதான். 30 கிராம் துணியில் வெளிச்சம் 70 சதவீதம், காப்பு ஏறக்குறைய 3 டிகிரி. 50 கிராமில் வெளிச்சம் பாதியாகிவிடும், காப்பு 4 டிகிரியை எட்டும். சில பொட்டலங்களில் அவுன்ஸ் கணக்கு இருக்கும்: சதுர யாருக்கு 0.5 அவுன்ஸ் என்றால் 17 கிராம், 0.9 என்றால் 30 கிராம், 1.5 என்றால் 50 கிராம். எடையே போடாமல் "கடுங்குளிரைத் தாங்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடலாம். துணி குளிரைத் தடுப்பதில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே சில டிகிரி கூட்டித் தரும், அவ்வளவுதான். ஜனவரியில் மைனஸ் 20 அடிக்கிற இரவில் 3 டிகிரி கூடி என்ன ஆகப்போகிறது? மே மாதத்தில் மைனஸ் 2 ஆகிற இரவில் அந்த 3 டிகிரிதான் மொட்டைக் காக்கிறது.

இந்த 3 டிகிரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், பை வடிவ உறை ஏன் ஆகாது என்பதும் விளங்கும். துணிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. பகல் வெயிலில் மண் வாங்கி வைத்த சூடு இரவில் மேலெழும்பும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அது தடையின்றி வானத்துக்குப் போய்விடும். மே மாதத்து உறைபனி பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான் விழுகிறது. துணியின் வேலை அந்தச் சூட்டை மறித்து வைப்பது. ஆகவே விளிம்பு நிலம்வரை வந்து, சுற்றிலும் மண்ணோடு படிந்திருக்க வேண்டும். கயிறு வைத்த பையைக் கன்றின் மேல் கவிழ்த்து, அடித்தண்டில் இறுக்குவது கன்றுக்குத் தலைப்பாகை கட்டுவது போலத்தான்: மண்ணின் சூடு வெளியே, கன்று உள்ளே. அதே பையைப் பூச்சாடிக்குப் பயன்படுத்தலாம். சாடியையும் சேர்த்து மூடி, கயிற்றைச் சாடியின் அடியில் இறுக்கி, வீட்டுச் சுவரோரம் வைத்தால் போதும்.

மண் காய்ந்து கிடந்தால் அதில் சூடு தங்காது. உறைபனி எதிர்பார்க்கும் நாளில் மதியத்துக்குள் வேரடியில் தண்ணீர் விடுங்கள், இலையில் படவேண்டாம். மண்ணின் மேல் தடிப்பாகப் பரப்பிய மரத்தூள் மூடாக்கும் (மல்ச்) மண்ணின் சூடு மேலே வருவதைத் தடுக்கும். மே மாதத்தில் அதைக் கன்றைச் சுற்றி ஓரடி தூரத்துக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. காற்றோடு வரும் குளிருக்கு இந்தத் துணி அவ்வளவாக உதவாது. வடக்கிலிருந்து பலமாக வீசும் இரவில் காப்பு குறைந்துவிடும். துணியும் கையில் நிற்காது.

வானிலை அறிக்கையில் 0 வரும்வரை காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். அறிக்கை சொல்லும் வெப்பநிலை ஆள் தோளுயரத்தில் அளந்தது. தெளிந்த, அசைவில்லாத இரவில் தரை மட்டம் அதைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்திருக்கும். இரவின் தாழ்நிலை 3 என்று போட்டாலே மூடிவிடுங்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டிய வீடுகளில் ஏரியின் குளிர்ச்சி துளிர்ப்பைத் தாமதப்படுத்துவதால் ஆபத்து கொஞ்சம் குறைவு. மார்க்கம், பிரம்ரன் பக்கம், அதிலும் வீட்டுக்குப் பின்னால் பள்ளமான காணி இருந்தால், குளிர்காற்று வந்து தேங்கும். அங்கே மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் வாரவிடுமுறைவரை துணி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இனி மூடும் முறை. துணி இலையில் நேரே படக்கூடாது. படும் இடத்தில் இலை கருகும், துணி நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஹைட்ரேஞ்சாவுக்கு மூன்று மூங்கில் குச்சிகளைக் கன்றைவிட ஒரு சாண் உயரமாக நட்டால் போதும். தக்காளிக் கூண்டைக் கவிழ்த்து வைத்தாலும் சரி. துணியின் அளவுக்கு உயரத்தை இரண்டால் பெருக்கி, அகலத்தைக் கூட்டி, விளிம்புக்கு 40 சென்டிமீட்டர் சேருங்கள். குச்சியோடு சேர்த்து 60 சென்டிமீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கன்றுக்கு 240 வருகிறது. இரண்டரை மீட்டர் அகலம் என்று மேலே சொன்னது அதனால்தான். கடையில் மடித்து விற்கும் சிறு துண்டுகள் பலவும் இதற்கு எட்டாது. பிறகு இரண்டு துண்டை ஒட்டுப்போட்டு, நடுவில் இடைவெளி விழுந்து, அதன் வழியே சூடு போய்விடும்.

நாலடி அகலக் காய்கறிப் பாத்திக்கு 9 கேஜ் கம்பியை 2.2 மீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையும் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி வளைத்து நடுங்கள். மீட்டருக்கு ஒன்று போதும். நடுவில் 60 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். விளிம்பில் செங்கல், மணல் நிரப்பிய பை, நீளமான மரச்சட்டம் எதையாவது வையுங்கள். யூ வடிவ ஊசிக் கம்பியால் துணியைக் குத்தி நிறுத்துவது வேகமான வேலைதான்; ஆனால் முதல் காற்றிலேயே அந்தத் துளையிலிருந்து நீளமாகக் கிழிந்துவிடும். இந்தத் துணியின் பெரிய பலவீனமும் அதுதான்: ஒரு சிறு துளை போதும். ரோஜாவின் மேல் முள்ளில் பட்டு இழுபட்டால் ஒரே பருவத்தில் சல்லடையாகிவிடும். ரோஜாவுக்குப் பழைய படுக்கை விரிப்போ நூல் சேலையோ போதும். உலர்ந்த நூல் சேலை ஓர் இரவுக்குக் கிட்டத்தட்ட இதே காப்பைத் தரும், நீளமும் தாராளம். மழையிலோ கடும் பனித்துளியிலோ நனைந்தால் கனத்துத் துளிரை ஒடித்துவிடும், காயவும் நேரமாகும். பகலில் அதை எடுத்தே ஆகவேண்டும்.

எடுக்கும் நேரம் மூடும் நேரத்தைவிட முக்கியம். மூடுவது சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு, மண்ணில் சூடு இருக்கும்போதே. காலையில் வெளியே 4, 5 டிகிரி ஏறியதும் விலக்குங்கள். 15 டிகிரி வெயில் பகலில் துணிக்குள் 25-ஐத் தாண்டும். அதைத் தினமும் மூடியபடி விட்டால் கன்று வசந்தம் முழுதாக வந்துவிட்டதென்று முந்தித் துளிர்க்கும். துளிர் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு எளிதில் கருகும்; உறங்கும் மொட்டு தாங்கும் குளிரை விரிந்த துளிர் தாங்காது, மைனஸ் 2 சில மணி நேரம் நீடித்தாலே போதும். நவம்பரில் கட்டிய துணியை மே வரை அவிழ்க்காமல் விடுகிறவர்கள் கன்றைக் காக்கவில்லை, உறைபனிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பியோனி போன்ற பூச்செடிகளுக்கு மூடிய ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். கத்தரி, தக்காளி நாற்றுகளுக்கு இரவு 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மெல்லிய துணியைப் பகலிலும் விடலாம். பூசணி, பாகல் பூக்கத் தொடங்கியதும் பகலில் திறந்தே ஆகவேண்டும், தேனீ வராவிட்டால் காய் இல்லை.

பனிக்காலக் கட்டுக்கு இந்தத் துணி துணைதான், முதன்மை அல்ல. பெரிய உருண்டைப் பூவுள்ள ஹைட்ரேஞ்சாவின் மொட்டு முந்தைய ஆண்டுத் தண்டின் நுனியில் கோடை கடைசியிலேயே உருவாகிவிடும். அந்தத் தண்டைக் காக்கக் கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுற்றி வளைத்து, உள்ளே காய்ந்த இலையை நிரப்பி, வெளியே 50 கிராம் துணியையோ சணல் சாக்கையோ சுற்ற வேண்டும். ஓக் இலை நல்லது. மேப்பிள் இலை நனைந்தால் தட்டையாகப் படிந்துவிடும். மண் உறையத் தொடங்கும் நவம்பர் கடைசிக்கு முன் கட்டினால் எலி குடியேறும். ஏப்ரலில் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, இரவுத் துணிக்கு மாறுங்கள்.

பாதி செத்ததுபோல் நிற்கும் கன்றை மே நடுப்பகுதிக்குள் வெட்டிவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்க்கலாம். பழுப்பு என்றால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். உயிருள்ள மொட்டுகள் எதிரெதிராக இரண்டிரண்டாய்ப் பருக்கும். மிக மேலே இருக்கும் உயிருள்ள இணைக்கு அரை அங்குலம் மேலே வெட்டினால் போதும். வெட்டும் ஒவ்வோர் இணையும் போகிற பூ. உறைபனி பிடித்து இலை கறுத்துவிட்டால் இரண்டு வாரம் அப்படியே விடுங்கள், சேதம் எதுவரை என்று தானே தெரியும். அந்த நேரத்தில் நைட்ரஜன் உரம் போட்டால் இன்னும் மெல்லிய துளிரைத்தான் கிளப்பும்.

கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கைச் சாடிகள் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் துணியால் வேறொரு லாபமும் உண்டு. பொட்டலத்தில் யாரும் அதைப் போடுவதில்லை. ஐந்தாறு மாதம் வீட்டுக்குள் ஜன்னலோரம் நின்ற கன்றை நேரே மே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். இரவு 10, 12 டிகிரிக்கு மேல் நிலைத்த பின் சாடியை வெளியே எடுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள், பிறகு 30 கிராம் துணியைப் பந்தல்போல் மேலே கட்டி அதன் கீழே ஒரு வாரம். வெயிலில் மூன்றிலொரு பங்கும் காற்றின் வேகமும் குறையும். துணியை எடுக்கும்போது மப்பான நாளாகப் பார்த்து எடுங்கள். வெளியே வைக்கும் முன் கறிவேப்பிலையின் இலையடியைப் புரட்டிப் பாருங்கள். செதிற்பூச்சி பிடித்திருந்தால் துணிக்குள் அது சுகமாகப் பெருகும்.

ஆயுள் பற்றி விற்பவர்கள் சொல்வதில் பாதியை நம்பலாம். மெல்லிய துணி ஒரு பருவம், கவனமாக இருந்தால் இரண்டு. 30 கிராம் இரண்டு மூன்று. வெயில்தான் எதிரி, கையால் தேய்த்தால் பொடியாக உதிரத் தொடங்கியதும் தூக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இழை மண்ணில் கலக்கும். இந்தக் குறை எல்லாத் தயாரிப்புக்கும் பொது, தப்ப வழியில்லை. கழுவ மெஷினில் போடாதீர்கள். புல்லில் விரித்துக் குழாய்த் தண்ணீர் அடித்தால் போதும். முழுவதும் காயவைத்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். கராஜில் வெறுமனே மடித்து வைத்தால் எலிக்குப் பஞ்சுமெத்தை.

எல்லாத் தோட்டத்துக்கும் இது தேவையும் இல்லை. கூம்பு வடிவப் பூவுள்ள பானிக்கிள் ஹைட்ரேஞ்சாவும், வெள்ளை உருண்டைப் பூ தரும் 'அன்னபெல்' வகையும் புதுத் தண்டில் பூப்பவை. அவற்றுக்குத் துணி வாங்குவது வீண். ரோஜாவிலும் ஒட்டாவாவில் கனடா வேளாண் துறை உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசை, குறிப்பாக 1978-இல் வந்த 'ஜான் கபொட்', 1983-இல் வந்த 'வில்லியம் பாஃபின்', கட்டில்லாமலே நிற்கும்; வசந்தத் தொடக்கத்தில் ஃபோர்சிதியாப் புதர் மஞ்சளாகப் பூக்கும்போது கருகிய தண்டை மட்டும் வெட்டிவிட்டால் ஜூனில் பூ வரும். நீல, இளஞ்சிவப்பு உருண்டை ஹைட்ரேஞ்சா இரண்டு மூன்று, காய்கறிப் பாத்தி ஒன்று, கறிவேப்பிலைச் சாடி சில என்று வைத்திருக்கும் வீட்டுக்குப் பத்து மீட்டர் துணி தாராளம். சுருள் அதைவிடப் பெரிதாகத்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டோடு பங்குபோட்டுக்கொள்ளுங்கள்.