ராமென் வண்டிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து 9,600 ரூபாய் ஏமாந்தேன்

நடந்தது ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். கோபம் இன்னும் இறங்கவில்லை, கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி கடற்கரைப் பக்கம் சாயங்காலம் வந்து நிற்கும் ஒரு ராமென் வண்டியில் 9,600 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டியின் பெயரையும் நிற்கும் தெருவையும் சொல்லப் போவதில்லை. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் சித்தப்பா, "பேரைப் போட்டேன்னா அவன் உன் மேலேயே கேஸ் போடுவான்" என்று மிரட்டி வைத்திருக்கிறார். சரி, பெயர் வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். மகளுக்குப் போன ஞாயிறு பதினைந்து வயது முடிந்தது. ஜப்பான் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஒரு வருஷமாக ராமென், ராமென் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ், அவ்வளவுதான். இந்த வண்டியைக் கண்டுபிடித்தது அவள்தான். மேப்பில் காட்டினாள். 4.8 நட்சத்திரம், முந்நூறு பேருக்கு மேல் கருத்து எழுதியிருக்கிறார்கள். "முந்நூறு பேர் பொய் சொல்வாங்களாம்மா?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனோம். வண்டி பளிச்சென்று இருந்தது. சிவப்புக் காகித விளக்கு, ஜப்பான் எழுத்துப் போட்ட துணித் திரை. நிற்கிற பையனுக்கு முப்பது வயது இருக்கலாம். (அன்றைக்கு "அவர்" என்றுதான் பேசினேன். இனிமேல் எழுத்தில் அந்த மரியாதை வராது.) "வாங்கக்கா, கடலூரா? எங்க அம்மாவுக்கும் நெல்லிக்குப்பம்தான்" என்றான். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி அந்தச் சாற்றில். நாங்கள் கேட்கவே இல்லை, அவனாகவே ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் சாறு ஊற்றி, ஊதி, என் கையில் கொடுத்தான். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. உதட்டில் ஒட்டியது, நம் வீட்டு ஆட்டுக்கால் சூப் ஒட்டுமே, அப்படி. கோழி எலும்பையும் கோழிக்காலையும் பன்னிரண்டு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விட்டால்தான் இந்த நிறம் வரும் என்றான். கிண்ணத்தின் அடியில் முதலில் ஒரு கரண்டி "தாரே". உப்பும் ருசியும் அதில்தான் இருக்கிறது, சாற்றில் உப்பே போடுவதில்லையாம். நூடுல்ஸ் மாவில் "கான்சுய்" என்று ஒன்று சேர்ப்பார்களாம். "நம்ம அப்பளத்துக்குப் போடுற காரம் இல்லக்கா, அந்த மாதிரிதான். அதனாலதான் முட்டை சேர்க்காமலே மஞ்சளா இருக்கு, சூட்டுல குழையாம நிக்குது." அப்பளக்காரம் என்று கேட்டதும் எனக்கு அவன் மேல் ஒரு தனி மதிப்பே வந்துவிட்டது. தொழில் தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன். தெரியும்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

வண்டியில் ஓர் அட்டை தொங்கியது: "5 ஸ்டார் ரிவ்யூ போட்டால் அரை முட்டை இலவசம்." சும்மா முட்டை இல்லை. சோயா சாஸில் ஊறி வெளியே காப்பி நிறம், உள்ளே மஞ்சள் கரு பாதி உறைந்து பாகு மாதிரி. மகள் அதற்காகத்தான் வந்ததே. கிண்ணம் தயாராவதற்குள் போனை எடுத்து, "அருமையான ராமென். கனிவான உபசரிப்பு. புதுச்சேரி வந்தால் தவறவிடாதீர்கள்" என்று எழுதி ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டேன். அவன் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு அரை முட்டையை வைத்தான். கிண்ணத்தோடு என்னை ஒரு போட்டோவும் எடுத்தான். அதற்குப் பிறகுதான் முதல் வாய் வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வருவாயா தம்பி என்று நானே கேட்டேன். வண்டியோடு வருகிறேன், மாடிக்குக் கீழே நிறுத்தி எல்லோருக்கும் சுடச்சுடப் போட்டுத் தருகிறேன் என்றான். நாற்பது கிண்ணம், ஒன்றுக்கு 240. மொத்தம் 9,600. பாதி இப்போது, பாதி அன்றைக்கு என்றேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "எலும்புக்கு கறிக்கடைல முன்னாடியே சொல்லணும், விடிய விடிய கொதிக்கணும். நீங்க கடைசி நேரத்துல வேணாம்னுட்டா நான் அதை என்னக்கா பண்றது?" என்றான். பெரிய மார்க்கெட்டில் அரைக் கிலோ கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கேன் செய்து 9,600 ரூபாயையும் போட்டேன். திரையில் வேறு யாரோ பெண் பெயர் வந்தது. "அண்ணி அக்கவுண்ட்டுக்கா." ரசீது? வாட்ஸ்ஆப்பில் "ஓகே அக்கா" என்று ஒரு வரி, கூடவே கைகூப்பும் பொம்மை.

ஞாயிறு ஆறரைக்கு வர வேண்டியவன். ஏழுக்கு போன் செய்தேன். "கிளம்பிட்டேன்க்கா." ஏழரைக்கு அரியாங்குப்பம் பாலத்தில் டிராஃபிக். எட்டேகாலுக்கும் அரியாங்குப்பம் பாலம்தான். எட்டரைக்கு முள்ளோடை. பாண்டிக்கும் கடலூருக்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர், மாட்டுவண்டியில் வந்திருந்தாலும் வந்திருக்கலாம். மாடியில் மகளின் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சொந்தக்காரர்கள் எல்லாம் கேக்கை மட்டும் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மாமியார் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும், "நாப்பது பேருக்கு இட்லி ஊத்தியிருந்தா எழுந்து போயிருப்பாங்க" என்கிறார். அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்கூட்டரில் யாரோ ஒரு பொடியன் வந்தான். வண்டி இல்லை, அடுப்பு இல்லை, அவனும் இல்லை. இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு தண்ணீர் கேன், ஒரு கவர். இறக்கி வைத்துவிட்டு நான் கேள்வி கேட்பதற்குள் கிளம்பிவிட்டான்.

டப்பாவைத் திறந்தேன். நூடுல்ஸ் களி மாதிரி ஒட்டிக் கிடந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் ஒரு மூலை மட்டும் வேகாமல், சதுரமாக, அலை அலையாக அப்படியே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். பாக்கெட் நூடுல்ஸ் கட்டியின் மூலை! எண்ணெயில் பொரித்துக் காயவைத்த கட்டி, எந்த மளிகைக் கடையிலும் கிடைப்பது. கேனில் இருந்த "பன்னிரண்டு மணி நேரச் சாறு" மஞ்சள் தண்ணீர். அதே பாக்கெட்டில் வரும் மசாலா வாசனை, மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக. கவரில் இருபத்தொரு முட்டை. ஒன்றை அறுத்தோம். வெள்ளைக்கும் கருவுக்கும் நடுவே பச்சைக் கோடு ஓடியது, அவ்வளவு நேரம் வெந்திருக்கிறது. சோயாவில் ஊறிய முட்டை இல்லை, சும்மா மேலே சாஸைத் தடவியிருக்கிறான். விரலால் தேய்த்தால் நிறம் போகிறது. அளந்து பார்த்தால் இருபத்திரண்டு பேருக்குக்கூடத் தேறாது. நாற்பதுக்குப் பணம் வாங்கியிருக்கிறான், 9,600.

மகள் எதுவும் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டு, "பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பரோட்டா வாங்கி வந்தார். அந்தச் செலவு தனி.

அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். அன்று இரவு போனையே எடுக்கவில்லை. திங்கள் காலை: "சாரிக்கா, பையன் சொதப்பிட்டான், ரெண்டு நாள்ல பாதிப் பணம் போட்டு விடறேன்." திங்கள் மாலை: "ஓனரைக் கேக்கணும்." யாரடா ஓனர், இத்தனை நாள் நீதானே என்றால் போன் கட். செவ்வாய் நானும் அவரும் நேரிலேயே போனோம். அதே சிவப்பு விளக்கு, ஆறு பேர் வரிசை, அதே எவர்சில்வர் டம்ளர் யாரோ ஒரு பெண் கையில். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறவே இல்லை. பாக்கெட் நூடுல்ஸ் போட்டாயே என்றதற்கு, சிரித்துக்கொண்டே, "அதைக் கண்டுபிடிச்சதே ஜப்பான்காரன்தான்க்கா, வேணா உங்க பொண்ணைக் கேளுங்க" என்றான். உண்மைதான். 1958ல் மொமோஃபுகு ஆண்டோ என்பவர் கண்டுபிடித்தார், அதற்கு வைத்த பெயரும் சிக்கன் ராமென். மகள் எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஆனால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு 240 ரூபாய் ராமென் என்று விற்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

நாங்கள் திரும்பி நடக்கும்போது பின்னாலேயே வந்தான். ஞாயிறு ராத்திரியே என் கருத்தை ஒரு நட்சத்திரமாக மாற்றி நடந்ததை எழுதியிருந்தேன். "அதை எடுத்துடுங்க, ஆயிரம் ரூபாய் இப்பவே போடறேன்" என்கிறான். 9,600 ரூபாய்க்கு ஆயிரம்! முடியாது என்றேன். "அப்ப உங்க இஷ்டம்" என்று போய்விட்டான்.

போலீசுக்கும் போனோம். கடலூரில் "அது பாண்டி, எங்க லிமிட் இல்ல" என்றார்கள். பாண்டியில் "சாப்பாடு கொடுத்திருக்காரே, இது சிவில் மேட்டர்" என்றார்கள்.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த முந்நூறு கருத்தையும் உட்கார்ந்து படித்தேன், இந்த வேலையை மூன்று வாரம் முன்பே செய்திருக்க வேண்டும். "அருமை", "சூப்பர்", "கனிவான உபசரிப்பு", "தவறவிடாதீர்கள்". சாறு எப்படி, நூடுல்ஸ் எப்படி என்று எழுதினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போட்டோவில் எல்லாக் கிண்ணமும் தொடாமல் முழுசாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை முட்டை. எல்லோரும் என்னை மாதிரியே, சாப்பிடுவதற்கு முன்னால் எழுதியவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை, பசியோடு நின்றிருக்கிறார்கள். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் இரண்டு நட்சத்திரத்தில் ஒருவர்: "வீட்டு விசேஷத்துக்குச் சொன்னோம், வேறு ஏதோ கொடுத்தார்கள்." நான்கு மாதத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் கொஞ்சம் சத்தமாக எழுதியிருக்கக் கூடாதா? அதற்கு வண்டிக்காரன் பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக." இந்த மாதிரி இணையக் கருத்துகளுக்கென்றே 2022ல் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பு, ஐஎஸ் 19000 என்று ஒரு தரமே கொண்டுவந்திருக்கிறதாம். விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்கிற வகை. அரை முட்டைக்கு அதெல்லாம் எட்டாது.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிக் கடைக்கு முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். கடைப் பெயரும் அக்கவுண்ட் பெயரும் வேறாக இருந்தால் போனை உள்ளே வையுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், பதினான்கு இலக்கம், வண்டியில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், இவனிடம் இல்லை, நானும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. கருத்து படித்தால் கடைசியில் இருந்து படியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். வாங்கினவர் எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்று சித்தப்பா சொல்கிறார். பாண்டிக்கு அலைய வேண்டாம், அதுவரைக்கும் நிம்மதி.

இன்னொன்று. அவன் தன் இணையப் பக்கத்திலிருந்து அந்தப் போட்டோவை இன்னும் எடுக்கவில்லை. "கடலூரிலிருந்து தேடி வந்த அக்கா, 5 ஸ்டார்" என்று என் பழைய வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கீழே போட்டிருக்கிறான். எடுக்கச் சொல்லி ஐந்து முறை மெசேஜ் போட்டேன், நீல டிக் மட்டும் விழுகிறது. பச்சைச் சுடிதார், கையில் கிண்ணம், வாயெல்லாம் பல். அதைப் பார்க்கிறவர்கள் கிண்ணத்தைப் பாருங்கள், குச்சி இன்னும் பிரிக்காமல் காகிதத்தோடு பக்கத்தில் கிடக்கிறது.