வேனுக்கு ஷவர் கதவு என்று கொசுவலைச் சட்டகத்தை விற்கிறார்கள்: ஓர் எச்சரிக்கை

கேம்பர் வேனின், அதாவது தங்கிச் சமைத்துப் பயணம் போக ஏற்றபடி மாற்றிய வண்டியின், குளியலறைக்கென்றே செய்த உள்ளிழுக்கும் ஷவர் கதவு என்று சொல்லி, வீட்டுப் பால்கனிக்குப் போடுகிற சுருள் கொசுவலையின் சட்டகத்தில் பிளாஸ்டிக் தாளைக் கோத்து எங்களுக்கு விற்றுவிட்டார்கள். விற்ற கடை வெளியூரில் இருக்கிறது; புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பாளையங்கோட்டையிலும் வள்ளியூர்ப் பக்கத்திலும் பழைய டிராவலர் வண்டிகளை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிற சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் இருவர் இதே கதவைப் பற்றி என்னிடம் விசாரித்ததால்தான் இந்தப் பதிவு.

எங்கள் வண்டியில் கழிப்பறையும் ஷவரும் ஒரே தொட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. வாசல் அகலம் இரண்டரை அடிகூடக் கிடையாது. கீல் வைத்த கதவைப் போட்டால் அது நடைவழியில் திறந்து அடுப்பு மேடையில் இடிக்கும். திரை போட்டால் குளிக்கும்போது ஈரத்துணி உள்ளே இழுபட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சகித்துக்கொள்கிறவர்கள் உண்டு, என் மனைவி அந்த ரகமில்லை. ஆகவே, சுவரோரம் நெட்டாக நிற்கும் ஒடுங்கிய பெட்டிக்குள் சுருண்டு போய்விடுகிற கதவுதான் தோது என்று நானும் என் மச்சானும் முடிவு செய்தோம்.

இந்த வகைக் கதவின் சூட்சுமம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. உள்ளே ஒரு ரோலர், அதை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். தாள் உள்ளே போகும்போது இரு பக்கமும் ரப்பர் பட்டை உரசி ஈரத்தை வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தோடு சுருண்ட தாள் காற்றுப் படாமல் கிடந்து பூஞ்சை பிடிக்கும். தாள் ஓடுவதற்குத் தரையில் வைக்கும் கீழ் ட்ராக்கில் தேங்கும் நீர் தொட்டிக்குள்ளேயே வடிய, உட்பக்கமாகத் துளைகள் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது கதவு தானாக வெளியே வராதபடி, சுருட்டிய நிலையில் நிறுத்திவைக்க ஒரு தாழ் வேண்டும். மூடும்போது எதிர்ச்சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் காந்தப் பட்டையைத்தான் கடைக்காரர்கள் வீடியோவில் பெரிதாகக் காட்டுவார்கள், ஆனால் அது கொசுவலைக் கதவிலும் உண்டு.

எங்களுக்கு வந்த கதவில் அந்தக் காந்தப் பட்டை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. கடை அனுப்பிவைத்த பொருத்துநர் இந்த ஊர்க்காரர்தான். ஸ்க்ரூ ஓட்டைகளில் நீர் இறங்காதபடி சிலிக்கான் பசை அடைக்காமல் தரையில் ட்ராக்கை முடுக்கியபோது மச்சான் தடுத்துக் கேட்டார். "அண்ணாச்சி, அங்க இருந்து அனுப்புனத அப்படியே மாட்டுதேன், சிலிக்கான் எல்லாம் கணக்குல இல்ல" என்று பதில் வந்தது. சிலிக்கான் டியூபை வண்ணார்பேட்டையில் நாங்களே வாங்கி வந்து கொடுத்தும், வெளியே தெரிகிற விளிம்பில் ஒரு கோடு இழுத்ததோடு அவர் கிளம்பிவிட்டார்.

முதல் பயணத்திலேயே, நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் பிரேக் போட்டபோது கதவு பாதிவரை ஓடி வந்து நின்றது. பாபநாசம் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு அது வெளியே வந்து உள்ளே போவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தார்கள், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைச் சற்றுச் சரிவான இடத்தில் நிறுத்திக் குளித்தால், ட்ராக்கில் துளையில்லாததால் தேங்கிய நீர் வெளிவிளிம்பைத் தாண்டி நடைவழிக்கு வந்தது. தரைக்கு நாங்கள் போட்டிருந்தது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட். அப்படியிருந்தும் அடைக்காத ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாக நீர் இறங்கி, மேலே ஒட்டியிருந்த வினைல் விரிப்பு கொப்பளித்துக்கொண்டது. சில வாரங்களில் கதவு முழுதாக உள்ளே போவதையும் நிறுத்திவிட்டது. கையால் தள்ளினால் தாள் பெட்டியின் வாயில் உரசி, நீளவாக்கில் கீறல் விழுந்தது.

அதன்பின் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றினோம். இரண்டு ஸ்க்ரூதான். ஸ்பிரிங் செந்துரு பிடித்து ரோலரோடு ஒட்டியிருந்தது. சுருண்டிருந்த தாளின் உள்சுற்றுகளில் மிளகு தூவியதுபோல் கரும்பூஞ்சை. பெட்டியின் உட்சுவரில், பிய்க்க முயன்று பாதியில் விட்ட ஒரு ஸ்டிக்கர்: கொசுவலைக் கதவு என்பதும், வலைக்கான அளவும் அதில் தெளிவாக அச்சாகியிருந்தன. மெல்லிய வலையைச் சுருட்டுவதற்கென்று வைத்த ஸ்பிரிங்கால் கனத்த பிவிசி தாளை எப்படி இழுக்க முடியும்? தாள் தடிமனாக இருப்பதால் சுருளும் பருத்து, பெட்டிக்குள் இடமில்லாமல் உரசியிருக்கிறது. ரப்பர் பட்டை இருக்க வேண்டிய இடத்தில், பூச்சி நுழையாமலிருக்க வைக்கும் மெல்லிய பிரஷ் முடிதான் இருந்தது. கொசுவலைச் சட்டகம் நம்மூர்க் கடைகளில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கிற பொருள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஆகியிருக்கக்கூடிய விலையைப்போல் பல மடங்கை எங்களிடம் வாங்கியிருந்தார்கள்.

படங்களை அனுப்பியதும் கடைக்காரர் குற்றத்தைத் தண்ணீரின்மேல் போட்டார். "சார், உங்க ஊர்ப்பக்கம் போர் தண்ணி உப்பு, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எங்கள் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது பாளையங்கோட்டை வீட்டுக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர். கடினநீரின் உப்பு படிந்திருந்தால் ஷவர் தலையிலும் தாளிலும் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்திருக்கும்; எங்கும் அது இல்லை. மேலும், ஸ்பிரிங் எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தவர் அவரேதான். அதை எடுத்துக் காட்டிய பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

பில்லை அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். ஷவர் என்ற சொல்லே அதில் இல்லை. "அலுமினிய ஃபிரேம், 1" என்று மட்டும் எழுதி, அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். பில்லில் பொருளின் பெயரை மழுப்பியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இந்த முத்திரையைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருவதற்குப் பில்லில் காலக்கெடு குறிக்கப்படவில்லையென்றால் 30 நாள் என்று அந்தப் பிரிவே வைத்துக்கொள்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது இந்தச் சட்டம் தந்த பெரிய வசதி; நாங்கள் திருநெல்வேலியிலேயே கொடுத்தோம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். கடைக்காரர் அதற்கும் பதில் தரவில்லை, ஆனால் அந்தப் பதிவு எண் புகாரில் இணைக்கப் பயன்பட்டது.

கதவைக் கழற்றியவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், துருவைத் துடைக்கவும் வேண்டாம். ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக்கூடும். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கும்போது, அது எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி கூறும் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

இனிமேல் வாங்கப்போகிறவர்கள், கதவு திறந்து மூடுகிற வீடியோவை வைத்து முன்பணம் அனுப்ப வேண்டாம். பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். ஈரத்தாள் உள்ளே போகும்போது நீர் வழிக்கப்படுகிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுருட்டிய நிலையில் தாழ் எங்கே என்று கேளுங்கள். பில்லில் "கேம்பர் வேன் ஷவர் கதவு" என்று எழுதித் தர மறுக்கிற கடையில் மேற்கொண்டு பேசவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கிப் பொருத்தியிருந்தால், இன்றைக்கே அந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியின் உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுடையதில் ஸ்டிக்கர் மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில், ரோலருக்குப் பின்பக்கம் இருந்தது.