மெத்தூசலாவின் 969 ஆண்டுகள்: மாதக் கணக்கா, எண் மரபா?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 5-ஆம் அதிகாரம் மெத்தூசலா என்னும் முன்னோருக்கு ஆயுளாக அளிக்கும் 969 ஆண்டுகளைச் சந்திர மாதங்களாகக் கொள்வோர், அவர் ஏறத்தாழ 78 வயதில் இறந்தார் என்பர். கேட்க இதமான விளக்கந்தான். ஆனால் அதே கணக்கில், 65-ஆம் வயதில் அவரைப் பெற்ற ஏனோக்கு ஐந்து வயதுத் தந்தையாகிவிடுகிறார்.

மற்றொரு விளக்கம் இந்த வயதை நேரடிக் கணக்காகக் கொள்ளாமல், பண்டைய மெசபடோமியாவின் (இன்றைய இராக் பகுதி) எண் மரபை நாடுகிறது. அங்கு ஆண்ட மன்னர்களை வரிசைப்படுத்தும் பழைய நூலான சுமேரிய அரசர் பட்டியலில், பெருவெள்ளத்துக்கு முன் எரிது நகரை ஆண்ட அலுலிமுக்கு 28,800 ஆண்டுகளும் அவருக்கு அடுத்த அலல்கருக்கு 36,000 ஆண்டுகளும் தரப்பட்டுள்ளன. இவை 60-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் 'சார்' எனப்படும் 3,600-இன் எட்டு மடங்கும் பத்து மடங்குமாகும். வெள்ளத்துக்குப் பின் எண்கள் சுருங்குவது இரு நூல்களுக்கும் பொது. 969 இந்த அச்சில் எளிதில் அடங்குவதில்லை என்பது குறையே. ஆயினும் சூரிய ஆண்டின் நாள்களை நினைவூட்டும் ஏனோக்கின் 365 ஆண்டு ஆயுளையும் சேர்த்துப் பார்க்கையில், இவ்விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.